அட்டையை நீக்குவதா, ஆளை நீக்குவதா? (ஜாவா ஸ்ட்ரீமும் ஒரு ரேஷன் கார்டும்)

தலைப்பில் ஜாவாவைப் பார்த்ததும் பி.காம். கோஷ்டி ஓடிவிட வேண்டாம். "இவங்களுக்கு எதுக்குய்யா ஸ்ட்ரீம்?" என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் கோஷ்டி சிரிக்கவும் வேண்டாம். இந்தப் பதிவு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். :-)

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருக்கும்போது அதற்கு ஃபில்டர் போடுவது ப்ரோகிராம் எழுதுகிறவரின் பாடு என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது. அந்த ஒரு வரிக்குள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்கிற தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஜாவா தெரிந்தால் மட்டும் போதாது. விதி தெரியணும், கணக்கு தெரியணும். அதாவது, அது நம்ம வேலையும்தான்.

எப்படி என்று பார்ப்போம்.

கொத்தும் பழமும்

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஒரு கொத்தைக் கையில் எடுக்கிறீர்கள். அதில் ஒரு பழம் அழுகியிருக்கிறது. என்ன செய்யலாம்? மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஒரு பழம் கெட்டாலும் கொத்தே வேண்டாம் என்று கழித்துவிடலாம். இரண்டு, கெட்ட பழத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சக் கொத்தைப் பெட்டியில் வைக்கலாம். மூன்று, எல்லாக் கொத்தையும் உதிர்த்து, நல்ல பழங்களை மட்டும் ஒரே கூடையில் குவிக்கலாம். மூன்றாவது வழியில் எந்தப் பழம் எந்தக் கொத்தில் இருந்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

"கெட்டதை நீக்கு" என்ற ஒரே கட்டளைக்கு இப்படி மூன்று அர்த்தம். யாராவது உங்களிடம் "அந்த லிஸ்ட்டை ஃபில்டர் பண்ணிக் குடுப்பா" என்று சொன்னால், அதற்கும் இதே மூன்று அர்த்தம் உண்டு. சொன்னவர் ஒன்றை நினைத்திருப்பார், எழுதுகிறவர் இன்னொன்றை எழுதியிருப்பார். இரண்டுமே பிழையில்லாமல் ஓடும். சிக்கலே அதுதான். எழுத்துப் பிழை இருந்தால் ஜாவா உடனே கத்தும். அர்த்தப் பிழை இருந்தால் ஒரு முணுமுணுப்பும் வராது.

ஜாவா பக்கம் வருவோம்

2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-தான் ஸ்ட்ரீமைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் என்றால் ஃபார் லூப்புக்குள் ஃபார் லூப், நடுவில் ஒரு ஃப்ளாக், ஒரு இஃப், ஒரு பிரேக். பத்துப் பதினைந்து வரி. ஸ்ட்ரீம் வந்த பிறகு அதெல்லாம் மூன்று வரியாகச் சுருங்கிவிட்டது. படிக்கவும் அழகு.

உதாரணத்துக்கு ஒரு ரேஷன் கார்டை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த நெஸ்டட் லிஸ்ட்டிலேயே நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். குடும்பங்கள் என்பது வெளி லிஸ்ட். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் உறுப்பினர்கள் என்று ஒரு உள் லிஸ்ட். ஒவ்வொரு உறுப்பினருக்குள்ளும் வாகனங்கள் என்று இன்னும் ஒரு லிஸ்ட் கூட வைக்கலாம்.

நம்ம கற்பனைக் கார்டில் ஐந்து பேர். பாட்டி வயது 68, முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறார். அப்பா 48. அம்மா 44. மகள் 22. மகன் 17.

கீழே இருக்கும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது கட்டளைகளை ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும்.

முதல் வழி, கொத்தையே கழிப்பது:

குடும்பங்கள்.ஸ்ட்ரீம்()
.ஃபில்டர்(கு -> கு.உறுப்பினர்கள்().ஸ்ட்ரீம்().நன்மேட்ச்(உ -> உ.ஓய்வூதியர்()))
.டூலிஸ்ட்()

"ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர்கூட இல்லாத குடும்பங்களை மட்டும் கொடு" என்று அர்த்தம். நம்ம கார்டில் பாட்டி இருக்கிறார். ஐந்து பேரும் அவுட்.

இரண்டாவது வழி, பழத்தை மட்டும் கத்தரிப்பது:

குடும்பங்கள்.ஸ்ட்ரீம்()
.மேப்(கு -> நியூ குடும்பம்(கு.அட்டைஎண்(), கு.உறுப்பினர்கள்().ஸ்ட்ரீம்().ஃபில்டர்(உ -> !உ.ஓய்வூதியர்()).டூலிஸ்ட்()))
.டூலிஸ்ட்()

கார்டு அப்படியே இருக்கிறது. பாட்டி மட்டும் இல்லை. நாலு பேர் மிச்சம்.

மூன்றாவது வழி, உதிர்த்துக் குவிப்பது:

குடும்பங்கள்.ஸ்ட்ரீம்()
.ஃப்ளாட்மேப்(கு -> கு.உறுப்பினர்கள்().ஸ்ட்ரீம்())
.ஃபில்டர்(உ -> !உ.ஓய்வூதியர்())
.டூலிஸ்ட்()

இதில் கார்டு என்பதே காணாமல் போய்விட்டது. நாலு தனி மனிதர்கள், அவ்வளவுதான்.

ஒரு கார்டு, மூன்று விடை. எந்த விடை சரி? ஜாவாவைக் கேட்டால் மூன்றும் சரி என்றுதான் சொல்லும். விதியைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளி லிஸ்ட்டில் எனிமேட்ச் போட்டு "21 வயது முடிந்த பெண் இருக்கும் குடும்பங்கள்" என்று எடுத்தால், குடும்பம் முழுசாகத்தான் வரும். உள்ளே இருக்கும் அப்பாவும் பதினேழு வயதுப் பையனும் கூடவே வருவார்கள். "ஃபில்டர் போட்டேனே, ஏன் எல்லாரும் வர்றாங்க?" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். வெளியே போட்ட ஃபில்டர் உள்ளே இருப்பவர்களைத் தொடாது.

2023-ல் தமிழ்நாடு முழுக்க ஓடிய ஒரு ஃபில்டர்

இதெல்லாம் பரீட்சைக் கணக்கு என்று நினைத்தால், கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். தொடங்கியபோது குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். 2023 ஜூலை 24-ல் தருமபுரி மாவட்டம் தொப்பூரில் விண்ணப்ப முகாம்களைத் தொடங்கிவைத்தார்கள். செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாள் அன்று, காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது.

கட்சிக்காரர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசினார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஒரு பி.காம். மாணவராக அந்த விதிமுறையை மட்டும் எடுத்து வைத்துப் படித்தால், அது ஒரு அருமையான நெஸ்டட் ஃபில்டர் பாடம்.

2023-ல் இருந்த விதிகளில் முக்கியமானவை இவை. பெண்ணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்கும், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்கும் மேல் நிலம் இருக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர் மாதிரி நான்கு சக்கர வாகனம் வைத்திருந்தால் கிடையாது. குடும்பத்தில் அரசு ஊழியரோ வருமான வரி கட்டுபவரோ இருந்தால் கிடையாது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான்.

இப்போது இதை ஸ்ட்ரீம் கண்ணாடி போட்டுப் பாருங்கள். எல்லாம் "நிபந்தனை" என்ற ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே ஜாதி இல்லை.

வயது என்பது ஆளைப் பற்றிய கேள்வி. உள் லிஸ்ட்டில் ஃபில்டர்.

கார், அரசு வேலை என்பது "வீட்டில் யாராவது" என்ற கேள்வி. உள் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வெளி லிஸ்ட்டில் முடிவு எடுக்கணும். நன்மேட்ச்.

வருமானமும் நிலமும் "எல்லோருடையதும் சேர்த்து எவ்வளவு" என்ற கேள்வி. உள் லிஸ்ட்டைக் கூட்டி, கூட்டுத்தொகையை வைத்து வெளி லிஸ்ட்டில் முடிவு எடுக்கணும்.

"ஒரு அட்டைக்கு ஒருவர்" என்பது இவை எதுவும் இல்லை. அது தேர்வு.

நாலு வகைக் கேள்வி, நாலு வகைக் கட்டளை. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஃபில்டருக்குள் "அண்ட்" போட்டு அடைத்தால், யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது சேராமல் போகும். அல்லது சேரக் கூடாதவருக்குச் சேரும். ஃப்ளாட்மேப் போட்டு எல்லோரையும் உதிர்த்துவிட்டால், நம்ம கற்பனைக் கார்டில் அம்மாவும் தேறுவார், மகளும் தேறுவார். ஒரே அட்டைக்கு இரண்டு ஆயிரம்!

வாகன விதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "சொந்தப் பயன்பாட்டுக்கு" என்ற சொல் அதில் இருக்கிறது. நம்ம பக்கத்திலிருந்து விடிகாலையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி ஒரு ஜீப் வைத்துப் பிழைப்பவர் வீட்டை என்ன செய்வது? விதியை எழுதியவர் அந்த இரண்டு வார்த்தையைக் காரணத்தோடு போட்டிருப்பார். நிரலில் வாகன ஆப்ஜெக்ட்டுக்குள் "பயன்பாடு" என்று ஒரு கட்டம் வைக்காமல் சக்கரத்தை மட்டும் எண்ணினால், அந்த வார்த்தைகள் அழிந்தேபோகும். அழித்தது யார்? அரசாணை இல்லை. ஒரு க்ளாஸ் எழுதும்போது ஒரு கட்டத்தை விட்டுவிட்ட யாரோ ஒருவர்.

பாட்டியின் ஓய்வூதியம்

இந்தத் திட்டத்தில் என்னை ரொம்ப யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. முதலில் வந்த விதிப்படி, முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் மாதிரியான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களுக்குத் தகுதி இல்லை. அதாவது மேலே சொன்ன முதல் வழி. பாட்டி இருந்தால் அம்மாவுக்கும் இல்லை.

2023 ஆகஸ்ட்டில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்தில், ஓய்வூதியம் வாங்காத, தகுதியுள்ள மற்ற பெண் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். அதாவது இரண்டாவது வழி. பாட்டியை மட்டும் கத்தரி, கொத்தை விடு.

ஸ்ட்ரீம் மொழியில் சொன்னால், வெளியே இருந்த ஒரு நன்மேட்ச்சை எடுத்து உள்ளே ஒரு ஃபில்டராக மாற்றினார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு வரியின் இடமாற்றம். ஆனால் அந்த இடமாற்றத்தில் எத்தனை வீட்டு அம்மாக்கள் உள்ளே வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி இல்லாத வீடு நம்ம ஊரில் எத்தனை இருக்கு?

இதனால்தான் "இது வெறும் டெக்னிக்கல் விஷயம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. அட்டையை நீக்குவதா, ஆளை நீக்குவதா என்பது கொள்கை. அதை மந்திரிசபை முடிவு பண்ணலாம், ஒரு கம்பெனியின் மேனேஜர் முடிவு பண்ணலாம். கீபோர்டின் முன்னால் இருப்பவர் தனக்குத் தோன்றியபடி முடிவு பண்ணக் கூடாது. தெரியவில்லை என்றால் எழுந்து போய்க் கேட்க வேண்டும்.

சட்டங்களிலேயே இந்த இரண்டு அளவுகோலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தானியம் ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்த்யோதயா குடும்பங்களுக்கு அட்டைக்கு 35 கிலோ. ஒன்றுக்கு உள் லிஸ்ட்டை எண்ண வேண்டும், இன்னொன்றுக்கு எண்ணவே தேவையில்லை. பி.எம். கிசான் திட்டத்தில் "குடும்பம்" என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். நம்ம ரேஷன் கார்டில் பாட்டியும் இருப்பார், கல்யாணம் ஆகாத அத்தையும் இருப்பார். ஒரே சொல், வேறு வேறு உள் லிஸ்ட். ஒரு திட்டத்துக்கு எழுதிய குடும்பம் க்ளாஸை அப்படியே இன்னொரு திட்டத்துக்குத் தூக்கிவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

வரிசை மாறினால் விடை மாறும்

ஒற்றை லிஸ்ட்டில் இரண்டு ஃபில்டர் போட்டால் எதை முதலில் போட்டாலும் விடை ஒன்றுதான். 21 வயதுக்கு மேல், அப்புறம் பெண். அல்லது பெண், அப்புறம் 21 வயதுக்கு மேல். வித்தியாசம் இல்லை.

நெஸ்டட் லிஸ்ட்டில் அப்படி இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பாட்டியின் பெயரில் ஒரு கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாட்டியைக் கத்தரித்துவிட்டு, அப்புறம் "வீட்டில் யாரிடமாவது கார் இருக்கா?" என்று கேட்டால், இல்லை என்று வரும். காரும் பாட்டியோடு போய்விட்டதே! முதலில் கார் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் கத்தரித்தால்தான் சரியான விடை. வருமானக் கூட்டலும் அப்படித்தான். ஆளைக் கழித்த பிறகு கூட்டினால் அவருடைய வருமானம் கணக்கில் வராது.

ஆகவே குடும்பம் முழுவதையும் பார்க்கும் கேள்விகள் முதலில், ஆளைக் கழிக்கும் கேள்விகள் அடுத்து. கடைசியில், எல்லோரையும் கழித்துவிட்டுக் காலியாக நிற்கும் அட்டைகளைத் தனியாக நீக்க வேண்டும். பாட்டி மட்டும் இருக்கும் அட்டையில் கத்தரித்த பிறகு யாருமே இருக்க மாட்டார்கள், ஆனாலும் அட்டை லிஸ்ட்டில் இருக்கும்.

கழிப்பது என்றால் ஒரிஜினலில் கை வைப்பது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்ட்ரீமின் ஃபில்டர் பழைய லிஸ்ட்டைத் தொடாது, புதிய லிஸ்ட்தான் கொடுக்கும். "ரிமூவ்இஃப்" அப்படி இல்லை. உள் லிஸ்ட்டில் அதைப் போட்டால் மூலக் கார்டிலிருந்தே பாட்டி போய்விடுவார். அடுத்த மாதம் அதே லிஸ்ட்டை வைத்து வேறு கணக்குப் போட்டால், பாட்டி இந்த உலகத்திலேயே இல்லை.

முதலில் வருபவருக்கா, அவர்களே சொல்பவருக்கா?

"ஒரு அட்டைக்கு ஒருவர்" என்பதற்கு ஸ்ட்ரீமில் "ஃபைண்ட்ஃபர்ஸ்ட்" என்று ஒரு கட்டளை தயாராக இருக்கிறது. தகுதியானவர்களில் முதல் ஆளைக் கொடுக்கும். நம்ம கார்டில் அம்மா பெயர் முதலில் இருந்தால் அம்மா, மகள் பெயர் முதலில் இருந்தால் மகள். பெயரை எந்த வரிசையில் ஏற்றினார்களோ அதுதான் தலைவிதி!

திட்டத்தின் விதி அப்படிச் சொல்லவில்லை. தகுதியான பெண்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் யார் விண்ணப்பிப்பது என்று அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்தது. கம்ப்யூட்டரால் ஒரு நொடியில் எடுக்க முடிகிற முடிவை மனுஷங்களிடம் விட்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் கட்டளை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கட்டளையாலேயே முடிக்க வேண்டியதில்லை.

காலி லிஸ்ட் சொல்லும் பொய்

ஒரு குட்டிக் கேள்வி. உறுப்பினர் யாருமே ஏற்றப்படாத ஒரு அட்டையிடம் "உங்க வீட்டில் யாரிடமும் கார் இல்லையே?" என்று நன்மேட்ச் போட்டுக் கேட்டால் என்ன வரும்?

"ஆமாம், இல்லை" என்று வரும். ட்ரூ. யாருமே இல்லாத இடத்தில் யாரிடமும் கார் இல்லை என்பது தர்க்கப்படி சரிதானே! "ஆல்மேட்ச்"சும் காலி லிஸ்ட்டுக்கு ட்ரூ சொல்லும். எனிமேட்ச் மட்டும் ஃபால்ஸ் சொல்லும்.

நம்ம பாஷையில் சொன்னால், தகவல் இல்லாததும் தப்பு இல்லாததும் அங்கே ஒன்றாகிவிடுகிறது. கணக்கு படித்தவர்களுக்கு இது உடனே உறைக்கணும். வவுச்சர் இல்லை என்றால் செலவே நடக்கவில்லை என்று எந்த ஆடிட்டராவது எழுதுவாரா? வவுச்சர் எங்கே என்றுதான் கேட்பார். ப்ரோகிராமிலும் அதே கேள்வியைக் கேட்கும் ஒரு வரி இருக்கணும். விவரம் இல்லாத அட்டை தேறிய பக்கமும் போகக் கூடாது, தேறாத பக்கமும் போகக் கூடாது. விசாரிக்க வேண்டிய பக்கம் போகணும்.

ஏன் நீக்கினாய் என்று சொல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவை 1 கோடியே 6 லட்சத்துக்குச் சற்று மேல். மிச்சம் ஐம்பது லட்சத்துக்கும் மேல் நிராகரிப்பு. ஐம்பது லட்சம் பெண்களுக்கு ஒரு ஃபால்ஸ்.

ஸ்ட்ரீமின் ஃபில்டருக்கு ஒரு குணம் உண்டு. அது ஊமை. தேறியவரை அடுத்த வரிக்கு அனுப்பும். தேறாதவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. எந்த நிபந்தனையில் விழுந்தார், எந்தத் தகவலால் விழுந்தார், எதுவும் மிஞ்சாது. படிக்க எவ்வளவு அழகான மூன்று வரியாக இருந்தாலும், விழுந்தவர் வந்து "ஏன்?" என்று கேட்டால் அந்த மூன்று வரியிடம் பதில் கிடையாது.

அந்தத் திட்டத்தில் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நம்ம உத்தமபாளையம் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம். கம்பத்தில், சின்னமனூரில் இருக்கும் ஒரு அம்மாவின் மேல்முறையீடு வந்து சேர வேண்டிய இடம் நம்ம ஊர்தான். மறுஆய்வு, மேல்முறையீடு எல்லாம் முடிந்து 2023 நவம்பரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்கள் எதை எதிர்த்து முறையிட்டிருப்பார்கள்? "கார் இருக்கிறது என்று போட்டிருக்கு, என்னிடம் கார் இல்லை" என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், முதலில் "கார்" என்ற வார்த்தை அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தப்பைத் திருத்துகிற வழியே அங்கேதான் தொடங்குகிறது.

ஜாவாவில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ட்ரூ, ஃபால்ஸ் திருப்பித் தரும் நிபந்தனைக்குப் பதிலாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் "காரணங்கள்" என்று ஒரு லிஸ்ட் திருப்பித் தரும் முறையை எழுதுங்கள். லிஸ்ட் காலி என்றால் தேறியது. இல்லையென்றால் அதில் இருப்பதே பதில். பிறகு "பார்ட்டிஷனிங்பை" போட்டால் தேறியவை ஒரு பக்கம், தேறாதவை ஒரு பக்கம் என இரண்டுமே கையில் இருக்கும். எதையும் தூக்கி எறியவில்லை. பத்து வரி கூடும். கூடட்டுமே!

அறிக்கை எடுக்கும்போதும் இதே கதைதான். தேனி மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள். தேறாதவர்களை வட்டவாரியாக எண்ண, முதலில் ஃபில்டர் போட்டுவிட்டு அப்புறம் "க்ரூப்பிங்பை" போட்டால், ஒருவரும் விழாத வட்டம் அறிக்கையிலேயே வராது. பூஜ்யம் என்று வர வேண்டிய இடத்தில் வட்டமே காணோம். 2017-ல் வந்த ஜாவா 9-ல் "கலெக்டர்ஸ்.ஃபில்டரிங்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். க்ரூப்பிங்பைக்கு உள்ளே அதைப் போட்டால் காலி வட்டமும் பெயரோடு நிற்கும். பூஜ்யம் என்பதும் ஒரு தகவல் என்று ஜாவாக்காரர்களே பிற்பாடு யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

"இதெல்லாம் எதுக்கு, எஸ்.க்யூ.எல். போதுமே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தாராளமாக எஸ்.க்யூ.எல்.லில் எழுதுங்கள். அங்கேயும் "எக்ஸிஸ்ட்ஸ்" போடுவதா, "ஜாயின்" போடுவதா என்று நிற்க வேண்டி வரும். ஒன்று கொத்தாகத் தரும், இன்னொன்று உதிர்த்துத் தரும். எக்ஸலில் எழுதினாலும் சரி, கையால் ரிஜிஸ்டரில் டிக் அடித்தாலும் சரி, அட்டையா ஆளா என்ற கேள்வி உங்களை விடாது. மொழியை மாற்றினால் கேள்வி மாறாது.

"அப்ப பழைய ஃபார் லூப்தான் நல்லதா?" என்று இன்னொருவர் கேட்கலாம். இல்லை. ஸ்ட்ரீம் எனக்குப் பிடித்திருக்கிறது. நன்மேட்ச், எனிமேட்ச், ஃபில்டர், ஃப்ளாட்மேப் என்று ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனிப் பெயர் வைத்து, எது உன் கேள்வி என்று நம்மையே கேட்கவைக்கிறது. ஃபார் லூப்பில் ஃப்ளாக்குக்குள் ஒளிந்திருந்த முடிவு இங்கே பெயரோடு வெளியே தெரிகிறது. அந்தப் பெயரைப் படித்து, "இது விதியில் இருக்கும் வார்த்தைதானா?" என்று ஒருவர் சரிபார்க்க வேண்டும். அதுதான் பல இடங்களில் நடப்பதில்லை.

அந்த ஒருவர் யார்? நாம்தான் என்று சொல்கிறேன். பி.காம். முடித்து பில்லிங், ஜி.எஸ்.டி., சம்பளப் பட்டியல், கூட்டுறவுச் சங்கம், பேங்க் என்று எங்கே போனாலும் நெஸ்டட் லிஸ்ட்தான் காத்திருக்கிறது. பில்லுக்குள் சரக்கு, கணக்குக்குள் பதிவு, சங்கத்துக்குள் உறுப்பினர், உறுப்பினருக்குள் கடன். "5 சதவீத வரிச் சரக்கு இருக்கும் பில்கள்" வேறு, "பில்களில் இருக்கும் 5 சதவீத வரிச் சரக்குகள்" வேறு. முதலாவதின் கூட்டுத்தொகைக்கு வரி போட்டால் 18 சதவீதச் சரக்கும் உள்ளே வந்துவிடும். இந்த வித்தியாசம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரருக்குத் தெரியாமல் போகலாம். நமக்குத் தெரியாமல் போகலாமா?

பேரேட்டில் தப்பாக எழுதினதை அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போடணும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். எழுதினதும் இருக்கணும், திருத்தினதும் இருக்கணும், காரணமும் இருக்கணும். அந்த ஒழுக்கத்தை நாம் ஃபில்டருக்கும் கொண்டுபோகலாம். ஸ்ட்ரீமை எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும். அட்டையை நீக்குகிறாயா, ஆளை நீக்குகிறாயா? எதை முதலில் நீக்குகிறாய்? ஏன் நீக்கினாய் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறாய்?

ஒரு குட்டிக் கணக்கு தருகிறேன், போட்டுப் பாருங்கள். நம்ம கற்பனைக் கார்டில் அப்பாவின் பெயரில் ஒரு வாடகை ஜீப். பாட்டியின் பெயரில் மூன்று ஏக்கர் நன்செய். அம்மாவின் பெயரில் மூன்று ஏக்கர் நன்செய். 2023-ன் திருத்தப்பட்ட விதிப்படி இந்த வீட்டில் யாராவது தேறுவார்களா? பாட்டியை முதலில் கத்தரித்தால் என்ன விடை, கடைசியில் கத்தரித்தால் என்ன விடை? விடையோடு காரணத்தையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்கு மார்க் கிடையாது. :-)